குரங்குக் கொப்பி

எங்கடை சிஞ்ஞோராவுக்கு, நான் வேலை செய்யிற வீட்டு இத்தாலிக்கார அம்மாவுக்கு, மனிசரைவிடக் குரங்கிலைதான் விருப்பம். இதை நான் கோவத்திலை சொல்லேல்லை, அவவே வாயாலை சொன்னவ. அவவைத் தூக்கி, குளிக்க வாத்து, கால் நகம் வெட்டி, பல்லுக்கட்டைக் கழுவிக் குடுத்து எனக்கு இப்ப ஒன்பது வருசம். ஒருநாள் தலை துவட்டேக்கை கேட்டன், "சிஞ்ஞோரா, உங்களுக்கு என்னிலை விருப்பமோ?" எண்டு. "உன்னிலை ஒரு குறையும் இல்லை," எண்டா. பிறகு சுவரிலை மாட்டியிருக்கிற படத்தைக் காட்டி, "ஆனா அவளைப் போலை வராது," எண்டா. படத்திலை கறுத்த, நீட்டுக் கை காலோடை, கொப்பிலை வாலைச் சுத்தித் தொங்குது ஒரு பொம்பிளைக் குரங்கு. விசர்க் கிழவி எண்டு மனதுக்குள்ளை திட்டிப்போட்டுத் துவாயை உதறிக் காயப்போட்டன்.

வீடு பலேர்மோவிலை லிபெர்த்தாத் தெருவிலை, நாலாம் மாடி. சிஞ்ஞோரா பல்கலைக்கழகத்திலை படிப்பிச்சவ. அதுக்கு முதல், இளமையிலை, நடு அமெரிக்காக் காட்டுக்குள்ளை வருசக்கணக்காச் சிலந்திக் குரங்குகளுக்குப் பின்னாலை திரிஞ்சவ. கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. மிலானிலை ஒரு பெறாமகன், தங்கச்சியின்ரை மகன், இருக்கிறார், கிழமைக்கு ஒருக்காப் போன் எடுப்பார். மற்றும்படி அவவின்ரை கதை கேக்கிற ஆள் நான்தான். கேக்காமல் எங்கை ஓடுறது, கை முழுக்கச் சவுக்காரம்.

சிலந்திக் குரங்குக்குக் கையிலை பெருவிரல் இல்லையாம். கொக்கி மாதிரி நாலு விரல், அதோடை வாலும் ஒரு கை மாதிரி. காட்டின்ரை நடுவிலை நிக்கிற உயர்ந்த, பழைய மரங்கள்தான் அதுகளுக்கு வேணும். எந்த மரம் எப்ப பழுக்கும், எந்தக் கொப்பாலை போனால் கெதியாப் போகலாம் எல்லாம் பாடம். விடிய ஒண்டா எழும்பி, ரெண்டு மூண்டாப் பிரிஞ்சு போகும். பழம் குறைஞ்ச காலம் தனித்தனியவும் போகும். பிறகு திரும்ப வந்து சேரும். சேரேக்கை சும்மா வந்து குந்தாதுகள். ஒண்டையொண்டு கட்டிப்பிடிச்சு, நெஞ்சிலை மூக்கை வைச்சு மணந்து பாக்கும்.

"பாசமோ?" எண்டு கேட்டன்.

"பயம்," எண்டா. "நான் கடிக்க மாட்டன், நீயும் கடியாதை எண்டு சொல்லுறது."

ஆம்பிளையள் பிறந்த கூட்டத்திலையே இருந்திடுவினம். பொம்பிளைதான் பெரிசானதும் தாயை விட்டிட்டு, முன்பின் தெரியாத கூட்டத்துக்குப் போக வேணும். இதைக் கேட்டதும், அட, இது எங்கடை கதையெல்லோ எண்டு நினைச்சன். போன இடத்திலை முதலே வந்து இருக்கிற பொம்பிளையள் அவளைச் சேக்க மாட்டுதுகள். துரத்தும், கடிக்கும், பழமரத்திலை ஏற விடாது. அவள் காட்டோரத்திலை, பதிஞ்ச இளமரங்களிலை, இலையைத் திண்டுகொண்டு தனியத் திரிவாள். ஒருக்கா மூண்டு பேர் சேந்து ஒருத்தியை விரட்டி, கொப்பு முறிஞ்சு அவள் நிலத்திலை விழுந்ததைச் சிஞ்ஞோரா கீழை நிண்டு பாத்தவவாம்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நேரத்தை எழுதினன்."

"கல்லெடுத்து எறிஞ்சு அந்த மூண்டையும் கலைச்சிருக்கலாமே?"

"நாங்கள் கை போடுறேல்லை. பாக்கிறது, எழுதுறது. அவ்வளவுதான் எங்கடை வேலை."

என்ன நெஞ்சடா இது எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அண்டைக்கு அவவின்ரை சூப்புக்கு உப்புப் போடேல்லை.

பல்கனிக்கு நேர கீழை ஒரு பூங்கா. அதுக்குள்ளை எங்கடை ஆல் மாதிரி விழுது விட்ட பெரிய மரம் ஒண்டு, அதுக்குக் கீழை ஒரு வாங்கு. வியாழக்கிழமை பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு லீவு. அந்த வாங்கிலை நாங்கள் மூண்டு பேர் கூடுறது வழக்கம். நிழல் விழுற பக்கம் தீவுக்காரி அக்கா, எல்லாருக்கும் முதல் பலேர்மோவுக்கு வந்தவ அவதான். நடுவிலை கண்ணாடிக்காரி. இந்தப் பக்கம் நான். இடம் மாறி இருந்ததாச் சரித்திரம் இல்லை. ஆரின்ரை வீட்டிலை ஆள் தேவை, எந்தக் கிழவர் செத்துப்போனார், ஆரை எந்த வீட்டுக்கு விடலாம் எல்லாம் அந்த வாங்கிலைதான் முடிவாகும். சிஞ்ஞோராவைப் பல்கனிக் கதிரையிலை இருத்தி, கழுத்திலை போனைக் கொழுவி, மடியிலை அவவின்ரை பைனாக்குலரை வைச்சுப்போட்டுத்தான் நான் இறங்குவன். மனிசி குருவி பாக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

மூண்டு வருசத்துக்கு முன்னம் அந்த வாங்கடிக்கு ஒருத்தி வந்தாள். மன்னார்ப் பிள்ளை, இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். வந்ததும் வராததுமா எங்கள் மூண்டு பேரையும் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினாள். தீவுக்காரி அக்கா தோளைச் சுருக்கிக்கொண்டா. இருக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை, ஒருத்தரும் அரக்கி இடம் விடவும் இல்லை. அவள் மரத்தடியிலை நிண்டபடி கதைச்சாள். அடுத்த வியாழனும் வந்தாள், அதுக்கடுத்த வியாழனும் வந்தாள், நிண்டாள். ஒருநாள் ரோல் செய்து கொண்டுவந்தாள். சாப்பிட்டிட்டு, "உறைப்புக் காணாது" எண்டன் நான். நல்ல ருசியான ரோல்.

அவளின்ரை பிரச்சினை எங்களுக்கு வடிவாத் தெரியும். புருசன்காரன் குடும்பக் காகிதத்திலை அவளை எடுப்பிச்சவன். ஒரு வருசத்திலை இன்னொருத்தியோடை லண்டனுக்குப் போயிட்டான், போனும் எடுக்கிறேல்லை. பெர்மெஸோ, இந்த நாட்டிலை இருக்கிற அனுமதி, முடிய நாலு மாசம் இருந்தது. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை தெளிவாச் சொல்லிப்போட்டினம்: உன்ரை பேரிலை ஒரு கொந்த்ராத்தோ, வேலை ஒப்பந்தம், கொண்டு வா, இல்லாட்டி இனிக் காகிதம் இல்லை. அவளுக்கு ஒரு வீடு வேணும். காலமையிலை மட்டும் வேலை எண்டாலும் காணும், கையெழுத்துப் போட ஒரு சிஞ்ஞோரா வேணும். "அக்கா, எங்கையும் இருந்தாச் சொல்லுங்கோ" எண்டு மூண்டு பேரிட்டையும் மாறி மாறிக் கேட்டாள். "பாப்பம்" எண்டம். ரெண்டு வீடு வந்தது. ரெண்டையும் வேற ஆக்களுக்குக் குடுத்தம். நாங்கள் வந்த புதுசிலை எங்களுக்கு ஆர் வீடு தந்தது எண்டு ஒரு எரிச்சல், அவ்வளவுதான்.

அந்த நேரம் பாத்து எனக்கு ஊருக்குப் போக வேண்டி வந்தது. மகளுக்குப் பிள்ளைப்பேறு, ஆறு கிழமை நிக்க வேணும். போறதெண்டால் வீட்டிலை பதிலாள் விட வேணும். இதிலைதான் எங்கடை ஆக்களுக்கு நித்திரை இல்லாமல் போறது. பதிலாள் வடிவா வேலை செய்தால் திரும்பி வரேக்கை உனக்கு வீடு இல்லை. செய்யாட்டி, ஏன் இப்பிடி ஒருத்தியை விட்டாய் எண்டு சிஞ்ஞோரா உன்னை ஏசுவா. எனக்கு இது மற்றவையைவிட நல்லாத் தெரியும். ஏனெண்டால் இந்த வீட்டுக்கு நானே பதிலாளாத்தான் வந்தனான். முதல் இருந்த அக்கா தாயின்ரை செத்தவீட்டுக்குப் போனவ. நான் ஒரு மாசத்திலை சிஞ்ஞோராவைப் பிடிச்சுக்கொண்டன். அவ திரும்பி வந்து வாசல்லை நிண்டு அழேக்கை, கதவுக்குப் பின்னாலை நிண்டு நான் மூச்சுக்கூட விடேல்லை.

பெறாமகன் போனிலை சொன்னார், "உங்களுக்கும் முதுகு ஏலாது. வாறவளைப் பெரியம்மாவுக்குப் பிடிச்சால், நீங்கள் வந்த பிறகும் காலமையிலை வைச்சிருப்பம். கொந்த்ராத்தோ நான் எழுதிக் குடுக்கிறன்." வேற ஒருத்தரும் ஆறு கிழமைக்கு ஆப்பிடேல்லை. அந்த மன்னார்ப் பிள்ளையைத்தான் கேட்டன். அவள் அழுதே போட்டாள். என்ரை கையைப் பிடிச்சுக் கண்ணிலை ஒத்தினாள். அப்பவே எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. காலமை எண்டு தொடங்குவாள். இளம் பிள்ளை, முதுகு நேர இருக்கு, சிரிச்ச முகம். பிறகு பின்னேரமும் அவள்தான், பிறகு நான் வாசல்லை.

போறதுக்கு முதல் வியாழன் அவளை வாங்கிலை எனக்குப் பக்கத்திலை இருத்தினன். முதல் தரம் அவள் அந்த வாங்கிலை இருந்தது அண்டைக்குத்தான். சின்னக் கொப்பி ஒண்டும் பேனையும் கொண்டு வந்திருந்தாள். குளிசை, சாப்பாடு, தூக்குற விதம் எல்லாம் சரியாத்தான் சொல்லிக் குடுத்தன். பிறகு சொன்னன்.

"பின்னேரத்திலை பல்கனிக் கதவைப் பூட்டிப்போடு பிள்ளை. கண்ணுக்கு வெளிச்சம் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"ஓம் அக்கா."

"தூரம் பாக்கிற கண்ணாடி ஒண்டு வைச்சிருக்கிறா." ரெண்டு கையையும் வட்டமா மடக்கிக் கண்ணிலை வைச்சுக் காட்டினன். "அதை எடுத்து அலுமாரிக்கு மேலை வை. கேப்பா, கத்துவா, அழுவா. குடுக்காதை." விரலையும் ஆட்டிக் காட்டினன்.

"பாவம் எல்லோ அக்கா?"

"மறதி வருத்தம் பிள்ளை. கண் போனால் ஆர் மறுமொழி சொல்லுறது? பெறாமகன் உன்னிலைதான் பாய்வார். அதோடை உனக்கு இத்தாலியன் திக்குது. கனக்கக் கதையாதை. என்ன கேட்டாலும் சிரிச்சுத் தலையை ஆட்டு, அவவுக்கு அதுதான் விருப்பம்."

எல்லாத்தையும் முத்து முத்தா எழுதினாள். பிறகு எனக்கு வாசிச்சுக் காட்டினாள்: கதவு பூட்டு. கண்ணாடி அலுமாரிக்கு மேலை. அழுதாலும் குடுக்கக் கூடாது. சிரிக்க வேணும். "சரியே அக்கா?"

"ஓம், சரி," எண்டன். தீவுக்காரி அக்காவும் கண்ணாடிக்காரியும் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவை. கடலை கொறிச்சுக்கொண்டிருந்தவை.

ஊரிலை பேரப்பிள்ளையை மடியிலை வைச்சிருக்கேக்கைதான் கண்ணாடிக்காரி போன் எடுத்தாள். பத்தாம் நாளே அந்தப் பிள்ளையை நிப்பாட்டிப் போட்டினமாம். சிஞ்ஞோரா கத்தின கத்திலை பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, பெறாமகன் மிலானிலை இருந்து ஓடி வந்தவராம். "கிழவியை இருட்டுக்குள்ளை பூட்டி வைச்சுக் கொடுமைப்படுத்தினவள் எண்டு லிபெர்த்தா முழுக்கக் கதை. இனி ஆர் அவளுக்கு வீடு குடுக்கிறது?" எண்டாள் கண்ணாடிக்காரி. பொய் சொல்ல மாட்டன், எனக்குச் சந்தோசமா இருந்தது. குழந்தைக்கு ஒரு கொஞ்சல் கொஞ்சினன். அண்டைக்குத்தான் ஊருக்கு வந்த பிறகு பசிச்சுச் சாப்பிட்டன்.

திரும்பி வந்து வேலையிலை ஏறினன். சிஞ்ஞோரா ஒரு சொல்லும் கேக்கேல்லை. அடுத்த வியாழன் வாங்கிலை இருந்து தோடம்பழம் உரிச்சுக்கொண்டிருக்கேக்கை அவள் வந்தாள். மெலிஞ்சுபோனாள். தோளிலை ஒரு பை. பெர்மெஸோ முடிஞ்சுதாம். துறைமுகத்திலை நாப்போலிக் கப்பல் ஏறப் போறாளாம், அங்காலை மலைப்பக்கத்து ஊர் ஒண்டிலை காகிதம் இல்லாமல் வைச்சிருக்க ஒரு வீடு இருக்காம், வெளியிலை போகக் கூடாதாம். தீவுக்காரி அக்காவைக் கட்டிப்பிடிச்சாள். கண்ணாடிக்காரியைக் கட்டிப்பிடிச்சாள். பிறகு என்னட்டை வந்தாள். "கையெல்லாம் பிசின் பிள்ளை," எண்டு சொல்லிக் கையை மடியிலேயே வைச்சிருந்தன். அவள் குனிஞ்சு என்னைக் கட்டிப்பிடிச்சு, முகத்தை என்ரை நெஞ்சிலை வைச்சாள். பிறகு காதுக்குள்ளை ஒரு சொல் சொன்னாள். போயிட்டாள். என்ன சொன்னவள் எண்டு மற்ற ரெண்டு பேரும் என்னைக் கேட்டவை, நான் சொல்லேல்லை.

இதெல்லாம் நடந்து மூண்டு வருசம். இந்த மாரியோடை சிஞ்ஞோராவுக்கு உண்மையிலேயே கண் போச்சு. வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. நான் சொன்ன பொய் வந்து அந்தக் கதிரையிலை குந்தியிருக்கிற மாதிரி இருந்தது. போன மாசம் அலுமாரியைத் திறக்கச் சொன்னா. உள்ளை காட்டுக் கொப்பியள், ஒரே மாதிரிப் பச்சை மட்டை. பல்கலைக்கழகத்து ஆக்கள் வந்து கொண்டுபோகப் போகினமாம், அதுக்கு முதல் கடைசிக் கொப்பியை ஒருக்கா வாசிச்சுக் காட்டு எண்டா. இருபது வருசமா இத்தாலியிலை கிடக்கிறன், வாசிக்கத் தெரியும். எழுத்தும் பெரிசு பெரிசா இருந்தது.

வாசிக்கத் தொடங்கினன். மரம், வியாழன், பின்னேரம். முதலாவது பொம்பிளை நிழலிலை. ரெண்டாவது நடுவிலை. மூண்டாவது மேற்குப் பக்கம். புதுசு ஒண்டு வந்தது, மூண்டையும் கட்டிப்பிடிச்சது, இடம் குடுபடேல்லை. புதுசு சாப்பாடு கொண்டு வந்தது, மூண்டு பேரும் திண்டினம், இடம் குடுபடேல்லை.

காட்டிலை எழுதினது எண்டுதான் ரெண்டு பக்கம் வாசிச்சன். பிறகு தோடம்பழம் வந்தது. குரங்கு எங்கை தோடம்பழம் உரிக்கிறது? நான் நம்பர் மூண்டு!

"வாசி," எண்டா.

"சிஞ்ஞோரா, இது நாங்கள்."

"ஓம், வாசி."

மூண்டாவது புதுசைப் பக்கத்திலை இருத்தியது. ரெண்டு கையாலையும் கண்ணிலை வட்டம் காட்டியது. விரலை ஆட்டி மறுத்தது. புதுசு எழுதிக்கொண்டது. எல்லாம் திகதியோடை, நேரத்தோடை இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமோ அப்ப?"

"அப்ப விளங்கேல்லை. முதல் நாள் அவள் கதவைப் பூட்டேக்கை விளங்கிட்டுது."

"பிறகேன் அவளை நிப்பாட்டினீங்கள்? பெறாமகனுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் காணுமே! அவளுக்குக் கொந்த்ராத்தோ கிடைச்சிருக்கும்!" நான் கத்திப்போட்டன். ஆரிலை கத்தினனோ தெரியாது.

சிஞ்ஞோரா வெளிச்சம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினா. "நான் கை போடுறேல்லை எண்டு உனக்குத் தெரியும். அதோடை உன்னைப் போலை ஒருத்தரும் என்னைத் தூக்க மாட்டினம். உன்னை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஒன்பது நாளும் அவளைக் கேட்டன், இதை ஆர் உனக்குச் சொன்னது எண்டு. ஒவ்வொரு நாளும் சிரிச்சுத் தலையை ஆட்டினாள். கடைசி நாள் பெறாமகன் கேக்கேக்கையும் அப்பிடித்தான். அழுதுகொண்டு சிரிச்சாள். அந்தமாதிரி ஒண்டை நான் காட்டிலை காணேல்லை."

நான்தான் சொன்னனான், சிரி எண்டு. வீடு காட்டின ஆளைக் காட்டிக் குடுக்கிறேல்லை எண்டது எங்கடை ஆக்களின்ரை வழக்கம். அதை அந்த வாங்கிலை அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை, அவளுக்கே தெரிஞ்சிருந்தது. அழுகை வந்தது. அழுது என்ன, அவள் எந்த மலையிலை எந்தக் கதவுக்குப் பின்னாலை இருக்கிறாளோ, எனக்குப் போன் நம்பர்கூடத் தெரியாது.

"கடைசிப் பக்கத்தைப் பார்," எண்டா சிஞ்ஞோரா. "அதிலை ஒரு இடம் வெறுமையா இருக்கு. புதுசு மூண்டாவதின்ரை காதிலை ஏதோ சொன்னது. நாலாம் மாடிக்குக் கேக்கேல்லை. மூண்டு வருசமா எனக்கு அது தெரிய வேணும். என்ன சொன்னவள்?"

தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். அவவுக்குக் கண் இல்லை, என்ரை முகம் தெரியாது. ஆனா சொல்லு வாயிலை தானா வந்தது.

"அக்கா, உங்கடை பேரை நான் சொல்லேல்லை, பயப்பிடாதேங்கோ. அப்பிடித்தான் சொன்னவள்."

சிஞ்ஞோரா மேசையைத் தடவி, பேனையை எடுத்து என்ரை பக்கம் நீட்டினா.

"அந்த இடத்திலை எழுது."

எழுதினன்.

"அதுக்கு மூண்டாவது என்ன செய்தது?"

"தோடம்பழத்தை உரிச்சு முடிச்சது. தோலைக் கீழை போட்டது. பழத்தைத் திண்டது."

"அதையும் எழுது," எண்டா.